சடை மடிச்சுக் கட்டினா ஹெல்மெட் நிக்காது

பெரிய பேரன் சர்வேயர் ஆயிட்டான். அவன் தங்கச்சி நர்சிங் முடிச்சுட்டா. சின்னவ ஜெசிக்கு இன்னிக்கு பி.எம்.எக்ஸ் சைக்கிள்ல முதல் ஜம்ப்.

கச்சிராயபாளையத்துல முழங்கால் உயர மண்மேடுதான். ஆனா சொல்லிக்கொடுக்குற பொண்ணு ஜெசி ஹெல்மெட்டை ஆட்டிப் பார்த்துட்டு, "நீ இன்னிக்கு தாவ வேணாம், இறங்கு"ன்னுச்சு.

"இன்னாம்மா குறை?"ன்னேன்.

"ஹெல்மெட் ஆடுதுங்க ஆயா. விழுந்தா கழண்டுடும். ரெட்டைச் சடையை மடிச்சுக் கட்டி இவ்ளோ பூ வெச்சது யாரு?"

நான்தான். நல்ல நாளாச்சேன்னு வெச்சேன். புள்ள கண்ணு கலங்கி நிக்குது.

அங்கேயே உக்காந்து எல்லாத்தையும் அவுத்து, கழுத்துகிட்ட தாழ ஒத்தைச் சடை பின்னினேன். அந்தப் பொண்ணு மறுபடி ஆட்டிப் பார்த்துச்சு. அசையல.

ஜெசி தாவி, சிரிச்சிக்கினே இறங்கினா. அப்பதான் எனக்கு மூச்சு வந்துது.

டேய் மவனே, உன் ஃபேஸ்புக் பக்கத்துல இன்னும் அவ பல்லு விழுந்த போட்டோதான் இருக்கு. இன்னிக்கு ஹெல்மெட்டோட எடுத்த போட்டோவைப் போடு. மூஞ்சி தெரியலன்னு சொல்றவங்க எங்கிட்ட வரட்டும்.