டார்ஜிலிங் படங்கள்

2009இல் லண்டன் கிங்ஸ்பரியில் ஒரு டிராவல் ஏஜென்சியில் வேலை செய்தேன். என்னிடம் டிக்கெட் எடுத்து டார்ஜிலிங் பார்க்கப் போன ஐம்பது கடந்த ஒருவர், திரும்பியதும் படங்களைக் காட்டக் கடைக்கு வந்தார். கோடையிலும் கோட்டுப் பொத்தான்களைக் கழுத்துவரை பூட்டியிருந்தார். ஒவ்வொரு படத்தையும் கைக்குட்டையால் துடைத்துவிட்டுத்தான் தந்தார். மலைரயில், தேயிலைச் சரிவு, விடியலில் சிவந்த பனிமலை. ஒன்றிலும் அவர் இல்லை.

“உங்களை ஒருத்தரும் எடுக்கேல்லையோ அண்ணை?”

“கேட்டிருந்தா எடுத்திருப்பினம், தங்கச்சி. எடுத்து ஆருக்குக் காட்டுறது?”

“இப்ப எனக்குக் காட்டுறியள்தானே.”

கைக்குட்டையை மடித்துக் கோட்டுப் பையில் வைத்தார்.

“ஓம். அங்க நிக்கேக்க அது எனக்குத் தெரியேல்லை.”

படங்களை உறையில் போட்டுக்கொண்டு போனார். பிறகு அவர் வரவேயில்லை. என் கைப்பையில் கமெரா இருந்தது, அவர் போன பிறகுதான் ஞாபகம் வந்தது.