எட்டு வெள்ளை லொறிகள்

இந்தக் கதையைக் கேட்டவர்கள் எல்லாரும் "நீ அப்ப சின்னப் புள்ள, ஒனக்கு என்னா தெரியும்" என்று ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஆறுதலைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. எனக்கு அப்போது பதினொரு வயது. மாத்தளை டவுனில் எந்தச் சந்தில் எத்தனை மணிக்கு ஆமிக்காரன் நிற்பான் என்று தெரியும். பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் பாலத்தடியில் பிணத்தைச் சுற்றிக் கூட்டம் நின்றால் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று தெரியும். எனக்குத் தெரியாதது ஒன்றே ஒன்றுதான். அதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

அம்மாவின் தம்பி, என் மாமா, தம்புள்ளையில் ஒரு கராஜில் லொறிகளுக்கு ஸ்பிரே பெயின்ட் அடிக்கிறவர். ஒரு நாள் நாலு பையன்கள் ஒரு நீல லொறியைக் கொண்டுவந்து, அதைப் பச்சையாக்கி மறுநாளே தரச் சொன்னார்கள். மாமா கேள்வி கேட்கவில்லை. நிறம் மாற்றுவதுதான் அவருடைய வேலை. இரண்டு வாரத்தில் அந்தப் பச்சை லொறி நாவுலப் பக்கத்தில் பிடிபட்டது. அதற்குள் என்ன இருந்தது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. பச்சையைச் சுரண்டி நீலத்தைக் கண்ட ஆமிக்காரர்கள், அதை அடித்தவனைத் தேடி கராஜுக்கு வந்தார்கள். மாமா அந்த நேரம் டீ குடிக்கப் போயிருந்தார். டீக்கடையிலிருந்து அப்படியே பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார், மாற்றுச் சட்டை கூட இல்லாமல்.

இதெல்லாம் பத்து வருடம் கழித்து அப்பா எனக்குச் சொன்னது. அன்றைக்கு அவர் சொன்னது வேறு. "ஒனக்கு லொறி செஞ்சு குடுக்கத்தான் மாமா லீவு போட்டு வந்திருக்காரு" என்றார்.

நான் நம்பினேன். ஏன் நம்பமாட்டேன்? எங்கள் பள்ளிக்கூடத்தில் கண்காட்சி வரப்போகிறது. எங்கள் வகுப்புக்குக் கொடுத்த தலைப்பு தம்புள்ளை மரக்கறிச் சந்தை. பெரிய பலகையில் றோட்டும் கடைகளும் வைக்க வேண்டும். லொறிகளை நான் செய்கிறேன் என்று கையைத் தூக்கியிருந்தேன். வகுப்பின் பின்வாங்கில் உட்கார்ந்திருந்த பையன்கள் சிரித்தார்கள். "பொம்பளப் புள்ள லொறி செய்யப் போகுதாம். ரிவர்ஸ் கியர் போடத் தெரியுமா?" என்று ஒருவன் கேட்டான். அவனுக்காகவே எட்டு லொறி செய்வதென்று முடிவு பண்ணினேன். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெரியவர்கள் கைபட்டால் புள்ளி இல்லை என்று டீச்சர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

தேயிலைப் பெட்டிப் பலகையை நானே அறுத்தேன். ஒவ்வொன்றும் விரல் நீளம். பழைய ரப்பர் செருப்பை வெட்டிச் சில்லுகள் செய்தேன். பிறகு ஒன்றுக்கு நேரடியாகச் சிவப்புப் பெயின்ட் பூசினேன். மரம் ஓரிடத்தில் குடித்தது, ஓரிடத்தில் குடிக்கவில்லை. மாமா எடுத்துப் பார்த்தார்.

"என்னா மருமகளே, லொறிக்கு அம்மை போட்டிருக்கு?"

அடியில் ஒரு வெள்ளைப் பூச்சு இல்லாமல் எந்த நிறமும் உட்காராது என்றார். அது எனக்கும் தெரியும். கராஜில் பார்த்திருக்கிறேன். ஸ்பிரே கன்னை எடுத்து ஒரு வீச்சு வீசுவார், லொறியின் ஒரு பக்கம் முழுக்க வெளுத்துவிடும். அப்படியே இதற்கும் ஸ்பிரே அடியுங்கள் என்றேன்.

"வீட்டுக்குள்ள ஸ்பிரே அடிக்க ஏலாது. பெயின்ட் தின்னர் நாத்தம் சந்து முழுக்கப் போகும்."

"ஜன்னலத் தொறந்து வச்சு அடிங்க."

அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா ஜன்னலைப் பார்த்தாள். மாமா வந்த நாளிலிருந்து அந்த ஜன்னல் திறக்கவே இல்லை. மழைக்காலம், அதனால் என்று நினைத்துக்கொண்டேன். கொல்லைப்புறத்தில் வைத்து அடியுங்கள் என்றேன். அதற்கும் மாட்டேன் என்றார். சோம்பேறித்தனம் என்று முடிவுகட்டிவிட்டேன்.

ஸ்பிரே இல்லாமல் வீட்டுக்குள்ளேயே செய்ய ஒரு வழி கண்டுபிடித்தார். அதைச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் அது நல்ல வழி. வகுப்பிலிருந்து நான் எடுத்து வந்த சோக்கட்டிகளை அம்மியில் மாவாக அரைத்து, அம்மாவின் சேலைத் துணியில் சலித்தார். தச்சர்கள் பாவிக்கும் வெள்ளைப் பசையில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, மாவை அதில் கலந்தார். "பால் மாதிரி இருக்கணும், தயிர் மாதிரி இருந்தா கெட்டுது" என்றார். நாற்றமே இல்லை. கடைப் பிரஷ் மயிர் கொட்டுகிறது என்று, அப்பா முகம் மழிக்கிற பிரஷிலிருந்து ஒரு கொத்தை வெட்டிப் பேனாக் குழாயில் செருகிக் கட்டினார். அப்பா மறுநாள் காலையில் சோப்பு நுரையோடு நின்று, "என் பிரஷுக்கும் வயசாயிருச்சா, முடி கொட்டியிருக்கு" என்றார். அந்த வாரம் எங்கள் வீட்டில் எல்லாரும் சேர்ந்து சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

ஒவ்வொரு லொறியின் அடியிலும் ஓர் ஈர்க்கைக் குத்தி, எட்டையும் ஒரு வாழைத்தண்டில் நட்டு வைத்தார். கை படாமல் சுற்றிச் சுற்றிப் பூசலாம். முதல் பூச்சை நீளவாக்கில் இழுத்தார். பார்த்தால் அசிங்கம். மரத்தின் சிலும்பெல்லாம் எழும்பி, லொறிகளுக்குப் பூனை மயிர் முளைத்த மாதிரி இருந்தது.

"மொதக் கோட்டு எப்பவும் அசிங்கமாத்தான் இருக்கும். காயட்டும். தேய்ச்சுட்டு ரெண்டாவதக் குறுக்க அடிச்சா கண்ணாடி மாதிரி வரும்."

அது புதன்கிழமை. மழை விடவில்லை, ஜன்னல் பூட்டியிருக்கிறது, பூச்சு காயவில்லை. வியாழன் காலையிலும் விரலில் ஒட்டியது. கண்காட்சி அடுத்த புதன். மாமா அவசரமே இல்லாமல் அடுப்படியில் உட்கார்ந்து ஒவ்வொரு லொறியையும் ஊதிக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வியாழன் பள்ளிக்கூடம் விட்டதும், திருவிழாவுக்குக் கிடைத்த காசை எடுத்துக்கொண்டு மெயின் வீதியில் ஒரு மோட்டார் சாமான் கடைக்குப் போனேன். வெள்ளை அடிப்பூச்சுக்குப் பிரைமர் ஸ்பிரே டின் ஒன்று கேட்டேன். கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னா புள்ள, செவுத்துல எழுதப் போறியா?"

அந்தக் காலத்தில் அரசாங்கத்துக்கு எதிராகச் சுவரில் எழுதியவர்களுக்கு என்ன நடந்தது என்று ஊருக்கே தெரியும். நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குப் பின்வாங்குப் பையன்களின் சிரிப்பு நினைவுக்கு வந்தது. கடை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன்:

"ஒண்ணும் செவுத்துல எழுத இல்ல. எங்க மாமா தம்புள்ளையில பெரிய லொறி பெயின்டர். எனக்கு லொறி செஞ்சு குடுக்க லீவு போட்டு வந்து எங்க வீட்டுலதான் இருக்காரு."

அப்பா சொன்ன பொய்யை ஒரு சொல் விடாமல் ஒப்பித்தேன். சிரிப்பு நின்றது. முதலாளி டின்னைக் காகிதத்தில் சுற்றித் தந்து, "நேரா வீட்டுக்குப் போ. வழியில நிக்காத" என்றார். நான் சொன்னதை வெளியே போய்ச் சொன்னது அவரா, நின்ற நாலைந்து பேரில் ஒருவனா, எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவன் வீட்டு வாசலில் போய் நின்றிருப்பேன். இப்போதும் போவேன்.

டின்னைப் பாய்ச் சுருளுக்குள் ஒளித்து வைத்தேன். மாமா தூங்கும்போது நானே அடித்துவிடுவதாகத் திட்டம். வெள்ளிக்கிழமை சாயந்தரம் அம்மா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காய் வெட்டியபடி கேட்டாள்:

"நேத்து ஸ்கூல் விட்டு எங்கயாச்சும் போனியா?"

"இல்லம்மா."

"மாமாவப் பத்தி யார்கிட்டயாச்சும் பேசினியா?"

"இல்லம்மா."

"சரி."

கத்தியிருக்கலாம். அடித்திருக்கலாம். எனக்கு அந்த ஒரு சொல்லைத்தான் தந்தாள். பிறகு அப்பாவின் சட்டைகள் இரண்டை ஒரு பையில் மடித்து வைத்தாள். மாமா விடிகாலை முதல் பஸ்ஸில் யட்டவத்தைக்குப் போகிறார், அங்கே அப்பாவுக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார் என்றார்கள்.

நான் ஆடிய ஆட்டத்தை இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது. தரையில் விழுந்து புரண்டேன். எனக்காக லீவு போட்டு வந்த மனுசன் பாதியில் விட்டுவிட்டு ஊர் சுற்றப் போகிறாரா? ரெண்டாவது கோட்டை அடித்துவிட்டுப் போகட்டும்! அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். "வாய மூடு, பக்கத்து வீட்டுக்குக் கேக்குது" என்றாள். நான் இன்னும் சத்தமாக அழுதேன். மாமாவால்தான் பொறுக்க முடியவில்லை.

"விடுங்கக்கா. ஒரு கோட்டுதானே. காலையில அடிச்சுட்டு பன்னெண்டு மணி பஸ்ஸுல போறேன்."

அம்மா என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். மூன்று பெரியவர்கள் அந்த அறையில் இருந்தார்கள். மூன்று பேரில் ஒருவராவது என்னை உட்காரவைத்து, "மாமாவத் தேடுறாங்க" என்று சொல்லியிருந்தால் போதும். இரண்டே சொல். என் வாய் அதோடு மூடியிருக்கும். பிள்ளை பயந்துவிடும் என்று சொல்லவில்லையாம். பயப்படாத பிள்ளை என்ன செய்தது என்று பார்த்தார்கள் அல்லவா?

சனிக்கிழமை காலையில் மாமா தேய்ந்துபோன மணல் பேப்பரால் எட்டையும் தேய்த்தார். பூனை மயிர் போய்விட்டது. இரண்டாவது பூச்சைக் குறுக்காகப் போடத் தொடங்கினார். ஐந்தாவது லொறியை முடித்தபோது சந்து முனையில் ஜீப் நின்றது.

அம்மா நேராகப் பாய்ச் சுருளுக்குப் போனாள். தேடவில்லை, தடவவில்லை. டின்னை எடுத்து அரிசி வாளிக்குள் அமுக்கி, மேலே அரிசியை இழுத்து மூடினாள். நான் வாயைப் பிளந்து பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

இரண்டு பேர் சீருடையில், ஒருவன் சாதாரணச் சட்டையில். சட்டைக்காரன் நல்ல தமிழ் பேசினான். மாமாவிடம் என்ன வேலை என்று கேட்டான். மரக்கறி லொறியில் கிளீனர் என்றார் மாமா. அவன் வீட்டைச் சுற்றிப் பார்த்தான், மூக்கை உறிஞ்சினான். தின்னர் நாற்றம் இல்லை. பாயை உதறினான். பிறகு வாழைத்தண்டைக் கண்டான். முடிந்த லொறி ஒன்றை ஈர்க்கோடு பிடுங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"யாரு அடிச்சது?"

"நான்தான்" என்றேன். புள்ளி போய்விடுமே என்ற பயம்.

அவன் என் கையைப் பிடித்துப் பார்த்தான். சுத்தமாக இருந்தது. மாமாவின் கையைப் பார்த்தான். நகக்கண் எல்லாம் வெள்ளை.

"நல்ல கை" என்றான். "கிளீனர் கை இல்ல இது."

சின்ன விசாரணை, சாயந்தரம் விட்டுவிடுவோம் என்றார்கள். மாமா செருப்பைத் தேடினார். ஒருவன் வேண்டாம் என்றான். வாசலில் திரும்பி என்னிடம், "மிச்சம் மூணு இருக்கு. குறுக்க அடி, மறந்துறாத" என்றார்.

அவர் வரவில்லை. சாயந்தரமும் வரவில்லை, எந்தச் சாயந்தரமும் வரவில்லை. அப்பா ஏறி இறங்காத முகாம் இல்லை, எழுதாத கடிதம் இல்லை. அப்படி ஒரு ஆளை நாங்கள் கொண்டுவரவே இல்லை என்று ஒரே மாதிரி, மனப்பாடம் பண்ணிய மாதிரி எல்லா இடத்திலும் சொன்னார்கள். எங்கள் கண் முன்னால் செருப்பு இல்லாமல் அவர்கள் கூட்டிக்கொண்டு போன மனுசனை.

மூன்று லொறிக்கும் நான் குறுக்காக அடித்தேன். சிவப்பு, நீலம் எதுவும் பூசவில்லை. ஊரடங்கு போட்டு, பள்ளிக்கூடத்தை மூடி, அந்தக் கண்காட்சி நடக்கவே இல்லை. எட்டும் வெள்ளையாகவே இருக்கின்றன. ஐந்து கண்ணாடி மாதிரி, மூன்று கோணல்.

அந்த டின்னை அம்மா வெளியே எடுக்கவில்லை. மேலே புது அரிசியைக் கொட்டிக்கொண்டே இருந்தாள். மாதக் கடைசியில் அரிசி குறையும்போது, அவள் அரிசி அளந்து அள்ளுகிற தகரச் சுண்டு அதில் இடிக்கும், டங் என்று. அப்போது அவள் கை சற்று நிற்கும். பிறகு அள்ளுவாள். ஒரு நாள், "நான் எடுத்துப் போட்டுறவாம்மா?" என்று கேட்டேன். "இருக்கட்டும்" என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

கேட்காமல் கடைக்குப் போனதற்கு அப்பா அடிப்பார் என்றுதான் அதை மறைத்து வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். அம்மா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று எனக்கு ரொம்ப நாள் பெருமையாக இருந்தது.