திரும்பத் தாண்டு, மாமா

என் அம்மாவின் தம்பி ஓட்டத்தில் கெட்டிக்காரர். வெறும் ஓட்டமில்லை; வழி நெடுக நட்டு வைத்த கட்டைகளைத் தாண்டித் தாண்டி ஓட வேண்டும். ஏரிக்கு வாத்து சுட வந்த துரை ஒருவன், இவர் கரையில் கிடந்த படகைத் தாண்டுவதைப் பார்த்துவிட்டுப் பட்டாளத்துக்கு அழைத்துப்போனான். அங்கே வெள்ளைக்காரச் சிப்பாய்களையே முந்தி வெள்ளிக் கோப்பை வாங்கினார் மாமா. அம்மா அதில் அரிசி அளந்தாள். ஆழாக்குக்கும் உழக்குக்கும் நடுவில் நிற்கிறதே என்பதுதான் அவளுக்குக் குறை.

எங்கள் குப்பத்தில் தாண்டுவது என்றாலே வம்பு. காயும் வலையைத் தாண்டினால் மீன் படாது. படுத்திருக்கும் பிள்ளையைத் தாண்டினால் பிள்ளை வளராது. தாண்டியவரே திரும்ப ஒருமுறை தாண்டினால்தான் தோஷம் போகும். அதனால் விடுப்பில் வரும்போது மாமா பழவேற்காட்டு ஒல்லாந்தர் கல்லறைக்குப் போய்விடுவார். வரிசையாக மேடைக் கற்கள். செத்த வெள்ளைக்காரன் எழுந்து வந்து திட்டவா போகிறான்?

ஒருநாள் நானும் கூடப் போனேன். வயதுக்கேற்ற வளர்த்தி இல்லாததால் என்னை எல்லோரும் குள்ளச்சி என்பார்கள். மாமா ஓடி வருகிற அழகைப் பார்த்ததும் ஆசை தாங்காமல் கடைசிக் கல்லின் மேல் ஏறிப் படுத்துக்கொண்டேன். என் மூக்குக்கு மேலே அவர் கால் போனது, காற்று மட்டும் பட்டது. ஐயோ, அந்தச் சந்தோஷத்தை என்னவென்று சொல்ல!

வீட்டுக்கு வந்து உளறிவிட்டேன். அம்மா மாமாவைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாடா வேலை இது? ஏற்கெனவே புள்ள குள்ளம். திரும்பத் தாண்டுடா!"

பட்டாளம் கப்பலேறுவதாகச் சேதி வந்திருந்தது. கால்வாயில் படகுக்காரன் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். "வந்து தாண்டறேன்க்கா, எங்க பூடப் போறேன்?" என்று என் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு ஓடினார்.

பஸ்ரா சண்டைக்குப் போயிருக்கிறார் என்றார்கள். எனக்குச் சண்டையா முக்கியம்? தினமும் கதவு நிலையில் கரிக்கோடு போட்டுத் தலையை வைத்துப் பார்ப்பேன். கோடு அசையவே இல்லை. என் வளர்த்தியை மாமா கையோடு கொண்டுபோய்விட்டார் என்று அழுவேன். அம்மாவும் கூடச் சேர்ந்து அழுவாள். எனக்காகத்தான் அழுகிறாள் என்று நினைத்திருந்தேன்.

மாமா ஒருவழியாகத் திரும்பி வந்தார். படகிலிருந்து இரண்டு பேர் தூக்கி இறக்கினார்கள். இடது கால் முட்டிக்குக் கீழே இல்லை. அன்றிலிருந்து சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தார். அம்மா அந்தக் கோப்பையை அரிசிப் பானையின் அடியில் புதைத்து வைத்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. அவர் பக்கத்தில் போய் மல்லாந்து படுத்தேன்.

"மாமா, திரும்பத் தாண்டு. சொன்னே இல்ல?"

"சனியனே!" என்று அம்மா கையை ஓங்கிக்கொண்டு ஓடி வந்தாள். மாமா அவளைத் தடுத்தார்.

"வுடுக்கா. சொன்னது சொன்னதுதான்."

சுவரைப் பிடித்து எழுந்தார். சாய்த்து வைத்திருந்த ஊன்றுகோலை எடுத்து எனக்கு அந்தப் பக்கம் ஊன்றினார். பல்லைக் கடித்துக்கொண்டு ஒற்றைக் காலால் எம்பினார். என் மேல் நிழல் விழுந்து விலகியது. தடாலென்று ஒரு சத்தம் கேட்டது.

நான் எழுந்து ஒரே ஓட்டமாகக் கதவு நிலைக்குப் போய்த் தலையை வைத்துப் பார்த்தேன். "யம்மா, வளந்துட்டேன்!" என்று கத்தினேன். யாரும் வரவில்லை. நான் வளர்ந்ததைப் பார்க்காமல், எல்லோரும் மாமாவைச் சுற்றி உட்கார்ந்து என்னத்துக்கு அழுகிறார்கள் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.