கோழி நோட்டீசும் என் விசாவும்

வீடு வீடாக நோட்டீஸ் போடுகிறவளுக்கு நாயும் மழையும்தான் எதிரி என்று நினைப்பீர்கள். அந்த வேலை செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும், கையில் இருக்கும் தாளும் பயப்படுத்தும். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். இதைப் பிழையாகச் சொல்லி யாரையும் மனம் நோகச் செய்துவிடுவேனோ என்ற பதற்றத்தோடுதான் எழுதுகிறேன். தொண்ணூறுகளின் கடைசியில், ஹனோவருக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் நடந்தது.

பச்சைத் தாள்

சூப்பர்மார்க்கெட் விளம்பரங்களோடு அந்தக் கிழமை ஒரு பச்சை நோட்டீசும் வந்தது. மேலே கோழிப்படம், கீழே பெரிய எழுத்தில் 'ஃபிரைலாண்ட்'. ஃபிரை என்றால் சுதந்திரம், லாண்ட் என்றால் நாடு. தெருவில் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். அடுத்த மாதம் விசா நீட்டிக்கப் போக வேண்டும். சுதந்திர நாடு கேட்கிற தாளோடு ஒரு இலங்கைத் தமிழச்சி வண்டில் இழுத்துத் திரிந்தாள் என்று யாராவது சொன்னால் என்ன செய்வேன்? போடாமல் விட்டால் வேலை போய்விடும். ஒவ்வொரு பச்சைத் தாளையும் மடித்து, சொசேஜ் விளம்பரத்துக்குள் செருகிப் போட்டேன்.

பக்கத்துத் தெருக்களுக்கு நோட்டீஸ் போடுகிற மன்னார் அந்தோனி அண்ணையிடம் பிறகுதான் கேட்டேன். ஊர்க் காணியில் ஒரு முட்டைப் பண்ணை வரப்போகிறதாம். கோழிகளைக் கூட்டில் அடைக்காமல் வளர்க்கவேண்டும் என்று விதி வைப்பதா, இல்லையா என்று ஊர்ச்சனம் வாக்குப் போடப்போகிறதாம். அண்ணை சிரிக்காமல் சொன்னார்: "பிள்ளை, ஃபிரைலாண்ட் எண்டால் வெளியில மேய விடுறது. ஆரும் நாடு கேட்கேல்லை."

மஞ்சள் தாள்

அடுத்த கிழமை பண்ணைக்காரரின் பதில் வந்தது. மஞ்சள் நிறம், பளபளப்பு, கல்யாண அட்டை மாதிரித் தடிப்பு. வண்டில் இழுக்கத் தோள் கழன்றது.

பச்சைத் தாளுக்குப் பின்னால் இருந்தவர் திருமதி லூடர்ஸ், ஓய்வுபெற்ற தபால்கந்தோர்க்காரி. அவர் வீட்டுப் பெட்டியில் எதிரியின் தாளைப் போடும்போதுதானா கதவு திறக்க வேண்டும்? ஏச்சு வாங்கத் தலையைக் குனிந்து நின்றேன். அவர் தாளை வாங்கி விரலால் தடவிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "இவ்வளவு நல்ல தாளுக்கு யார் காசு கொடுத்தார்கள் என்று ஊர்க் கூட்டத்தில் கேட்கத்தான் வேண்டும். நீங்கள் உள்ளே வாருங்கள், கை விறைத்துப்போய் இருக்கிறது."

மண்டபத்தில்

கூட்டத்தன்று கதிரைகளில் இரண்டு தாளையும் வைக்கிற வேலை எனக்கு. முடித்துவிட்டுப் போகாமல் பின்சுவரோடு ஒட்டி நின்றேன். திருமதி லூடர்ஸ் எழுந்து, அத்தனை பேர் முன்னால், "உங்கள் நோட்டீசுக்குக் காசு எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார். நான் உடனே வெளியே போகிற கதவு எங்கே என்று பார்த்தேன். எங்கள் சனத்திடம் இயக்கத்துக்குக் காசு சேர்க்கிறவர்களிடம் அந்தக் கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்டு நான் பார்த்ததில்லை.

பண்ணைக்காரர் கதவு நிலை அளவு உயரமான மனிதர். எழுந்தார். கோழிக்கூடு செய்கிற கம்பனிதான் பெரும்பங்கு தந்தது என்று முகம் சிவக்கச் சொன்னார். "உங்களுக்கு யார் தந்தார்கள்?" என்று திருப்பிக் கேட்டார். நகரத்து விலங்கு நேசர்கள், தன் தங்கை, கேக் விற்ற காசு என்று திருமதி லூடர்ஸும் சொன்னார். "நகரத்தாருக்குக் கோழி பொரித்த பிறகுதான் தெரியும்!" என்று ஒருவர் கத்த, மண்டபமே சிரித்தது. யாரும் யாரையும் அடிக்கவில்லை. கோயிலில் நிற்பது போல நின்றேன்.

முடிந்ததும் பண்ணைக்காரர் திருமதி லூடர்ஸின் குளிர்க்கோட்டை எடுத்து, அவர் கையை நுழைக்கும்வரை பிடித்துக்கொண்டு நின்றார். "ஞாயிற்றுக்கிழமை உங்களைத் தோற்கடிப்பேன்," என்றார். "வெளியே படி வழுக்குது, கவனம்."

விசாக் கந்தோரில்

அங்கே இருந்த அதிகாரி எங்கள் ஊரிலேயே குடியிருக்கிறவர் என்பது எனக்குத் தெரியாது. முத்திரையைக் கையில் எடுத்தவர் நிறுத்தி, "எங்கள் தெருவில் நோட்டீஸ் போடுவது நீங்கள்தானே? கோழியை ஏன் சொசேஜுக்குள் ஒளித்தீர்கள்?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரர் என் காலை மிதித்து, "ஒண்டும் சொல்லாத" என்றார். மண்டபம் ஞாபகம் வந்தது. கேட்டால் பதில் சொல்கிற ஊர் இது என்று நினைத்து, சுதந்திர நாடு என்று பயந்த கதையை உடைந்த ஜெர்மனில் முழுக்கச் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு முத்திரை விழுந்தது. "கோழி ஒரு முற்றம்தான் கேட்டது," என்றார். "உங்களுக்கு இரண்டு வருடம் போட்டிருக்கிறேன்."

வாக்கெடுப்பில் கோழிகள் வென்றன. சனிக்கிழமைச் சந்தையில் பண்ணைக்காரர் தன் பழைய பண்ணையின் கூட்டுக் கோழி முட்டைகளையும், பக்கத்து மேசையில் திருமதி லூடர்ஸின் ஆட்கள் மேய்ச்சல் முட்டைகளையும் விற்றார்கள். இரண்டு பேரும் என் கூடையை எட்டிப் பார்த்ததால், இரண்டு இடத்திலும் வாங்கி, ஒரே பெட்டியில் கலந்து, எது யாருடையது என்று எனக்கே தெரியாதபடி வைத்திருந்தேன்.