புல் தொட்ட கம்பி

தாலிக்கயிற்றில் தொங்கிய நான்கு ஊக்குகளையும் கழற்றிக் கல்லின்மேல் வைத்துவிட்டு மாதேஸ்வரி வட்டத்துக்குள் நுழைந்தாள். வெள்ளையடித்த கற்களால் ஆன வட்டம். உள்ளே இரும்பு ஆகாது. நடுவில், இடுப்பளவு குழியில் காந்தமானி இருந்தது. மூடியைத் தூக்கிப் பார்த்தாள். எறும்பு இல்லை, ஈரம் இல்லை.

"நல்லாத்தான் இருக்கு மேடம்."

அந்தக் கருவியைப் பெங்களூரிலிருந்து கொண்டுவந்து இங்கே வைத்த சௌமியா, வேப்பமரத்தடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். "அப்ப இது என்னக்கா? பதினாலு நாளா இப்படியே வருது."

திரையில் ஓடிய கோட்டில் சீப்புப் பல் முளைத்திருந்தது. ஒரு நொடிக்குச் சற்றே கூடுதலான இடைவெளியில் ஒவ்வொரு பல்.

மூன்று வருடமாக அந்தக் கோடு மாதேஸ்வரிக்குப் பழக்கம். சூரியனிலிருந்து வீசும் காற்று மோதி பூமியைச் சுற்றியுள்ள காந்தப்புலம் அதிர்கிறது. நம் உடம்புக்குத் தெரியாது, பெட்டிக்குத் தெரியும் என்று சௌமியா சொல்லியிருந்தாள். சில அலைகள் போய்வர அரை நிமிடம் எடுத்துக்கொள்ளும். அவை மாதேஸ்வரிக்குப் பிடித்தன. ஓசூரில் ஒயர் கோக்கும் வரிசையில் பதினொரு வருடம் நின்றவள். அங்கே ஒரு துண்டுக்கு ஒன்பது நொடி. விடியுமுன் நாலரைக்குக் கம்பெனி பஸ். அரை நிமிடம் எடுத்துக்கொண்டு எதையும் செய்ய அங்கே யாரும் விட்டதில்லை.

"இன்னிக்குக் காரணம் தெரியலேன்னா பெட்டிய வேற ஊருக்கு மாத்தச் சொல்லி ஆபீசுல சொல்லிட்டாங்கக்கா."

பெட்டி போனால் அதைப் பார்த்துக்கொள்ளும் மாதேஸ்வரியின் காவல் வேலையும் போகும். மறுபடி அந்த பஸ்.

பக்கத்து நிலத்தில் முனிவேல் யானை வராமலிருக்கப் புதிதாகப் போட்ட மின்வேலியின் மெஷின் டக், டக் என்று அடித்துக்கொண்டிருந்தது. திரையைப் பார்த்தாள். ஒவ்வொரு டக்குக்கும் ஒரு பல்.

முனிவேலிடம் போய்ச் சொன்னாள். அவர் துண்டை உதறினார்.

"உன் பெட்டிக்கு நோவுன்னா நான் வேலிய நிறுத்தணுமா? கேவுரு கதிரு முத்தி நிக்குது. ஆனைகிட்ட நீயே போயி ரெண்டு நாள் பொறுத்துக்கச் சொல்லு."

அவள் வேலியை ஒட்டி நடந்தாள். தன் நிலத்துப் பக்கம் அடிக்கம்பி புல்லுக்குள் முழுகிக் கிடந்தது.

"மாமா, இங்க வந்து பாரு. கரெண்டு கம்பியில எங்க நிக்குது? புல்லு வழியா மண்ணுக்குப் போயிட்டிருக்கு. ஓட்டக் கொடத்துல தண்ணி ஊத்தற கதை. ஆனை தொட்டா அதுக்குக் கூசக்கூட கூசாது."

"யாரு சொன்னா?"

"பதினொரு வருசம் ஒயரு கோத்தவ சொல்றேன்."

அவர் குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"புல்லு அறுக்க ஒரு மணி நேரந்தான் நிறுத்துவேன். அதுக்குள்ள ஆனை வந்தா நீதான் நின்னு பேசணும்."

"பேசறேன். தமிழுலயா, கன்னடத்துலயா?"

"பன்னேர்கட்டா காட்டுலருந்து வர்றது. கன்னடத்துலயே பேசு."

மெஷின் நின்றதும் மரத்தடியிலிருந்து சௌமியா, "போயிடுச்சு! போயிடுச்சுக்கா!" என்று கத்தினாள். மாதேஸ்வரி வீட்டுக்குப் போய் அரிவாள் எடுத்து, கல்வட்டத்தின் பக்கம் போகாமல் வரப்பைச் சுற்றி வந்தாள். குனிந்தவள் நிமிராமல் அறுத்தாள். முனிவேல் முதலில் கரையில் நின்றார். பிறகு அவரும் ஒரு அரிவாளோடு எதிர்முனையில் இறங்கினார்.

மெஷினை மறுபடி போட்டபோது பற்கள் வந்தன. ஆனால் அரிசிக் குருணை அளவுக்குத்தான்.

சௌமியா கொஞ்ச நேரம் எதையோ தட்டிப் பார்த்தாள். "இவ்வளவுதான்னா கணக்குல நானே கழிச்சுக்குவேன். பெட்டி இங்கயே இருக்கட்டும். மாசாமாசம் புல்லு அறுத்துடுங்க."

"வாராவாரம் அறுக்கறேன் மேடம்."

மறுநாள் புதன்கிழமை. மாதேஸ்வரி களி கிளறினாள். அவள் புருஷன் பூபதி சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனான். வடக்குப் பக்க வேலியில் மீதியிருந்த புல்லைப் பதினொரு மணிவரை அறுத்தாள். முனிவேல் அதை மாட்டுக்குத் தூக்கிப்போனார். மத்தியானம் சௌமியா போனுக்கு ஒரு படம் அனுப்பினாள். அதில் காலை ஒன்பதரையிலிருந்து பத்துவரை அவளுக்குப் பிடித்த அரை நிமிட அலைகள் இருந்தன. மூன்று மணிக்குத் தூறல் விழுந்தது. கொடியிலிருந்த துணிகளை எடுத்து உள்ளே போட்டாள்.