முழங்கையில் முளைத்த எலும்பு

கட்டவிழ்த்த அன்று சாப்பிட உட்கார்ந்தேன். பிசைந்த சோற்றோடு வலது கை வாய்க்கு ஒரு சாண் முன்பே நின்றுவிட்டது. அதற்குமேல் மடங்கவில்லை.

சிதம்பரத்தில் குளத்துப் படியில் வழுக்கி விழுந்து முழங்கை மூட்டு விலகியிருந்தது. உள்ளூர்க்காரர் ஒருவர் அதைச் சேர்த்துக் கட்டுப் போட்டிருந்தார்.

மடங்காத கையை மடக்க என் மனைவியின் தம்பி கோவிந்தன் தினமும் வந்தான். யுத்த காலம், நல்லெண்ணெய் கிடைப்பதே அரிது. எங்கெங்கோ அலைந்து வாங்கி வந்து, சூடாக்கி நீவி, கையைப் பிடித்து இழுப்பான்.

“பல்லக் கடிச்சிக்குங்க மாமா. இரும்பே வளையுது, உங்க கை வளையாதா?”

அத்தனை பாடுபடுகிறவனிடம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முழங்கைக்கு மேலே பாக்கு போல ஒன்று கெட்டியாகத் திரண்டது. அதைக் கரைக்க அவன் இன்னும் அழுத்தினான். கதவைச் சாத்திக்கொண்டு மனைவி எனக்கு ஊட்டினாள். நாலு பேர் நடுவில் சாப்பிடுவதை விட்டுவிட்டேன்.

கடைசியில் ரயிலேறிக் கடலூர் போனோம். டாக்டர் எக்ஸ்ரே (உள்ளிருக்கும் எலும்பைக் காட்டும் படம்) எடுத்துப் பார்த்தார்.

“சதைக்குள்ள எலும்பு வளருது. யாரு நீவுறாங்க?”

நான் தலைகுனிந்தேன். “என் தம்பிதாங்க,” என்றாள் மனைவி.

“இழுக்க இழுக்க உள்ள சதை கிழிஞ்சி ரத்தம் கசியும். அங்கதான் எலும்பு வளரும். இனிமே யாரும் தொடக் கூடாது.”

“அறுத்து எடுத்துட முடியாதுங்களா?”

“இப்ப அறுத்தா இன்னும் ஜாஸ்தியாவும். முத்தி அடங்கட்டும், அப்புறம் பாக்கலாம்.”

கையைக் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்டுச் சும்மா இருப்பதுதான் வைத்தியம்.

அன்று மாலை கோவிந்தன் எண்ணெயோடு வந்தான். நானே சொன்னேன்: “வேணாம் மச்சான். நீவுறதாலதான் வளருதாம்.”

எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தான். “அப்ப நான்தான் வளத்தேனா மாமா?”

“ரெண்டு பேருமாத்தான். நான் ஒருநாளாவது வேணாம்னு சொன்னனா?”

“சரி, காச்சின எண்ணெய வீணாக்குவானேன்,” என்று தன் முட்டியில் தேய்த்துக்கொண்டான். அதன்பிறகும் தினமும் வந்து உட்கார்ந்திருந்தான்.

மாதங்கள் போயின. கட்டி வளர்வது நின்றது. பிறகு டாக்டர் சொன்னபடி, வலி தொடங்கும் இடம்வரை நானே மெல்ல மடக்கினேன். அறுக்க வேண்டியிருக்கவில்லை. இதே தொல்லை உள்ளவர்களுக்குச் சொல்கிறேன்: பிரியத்தோடு வந்தாலும் கையைப் பிறர் இழுக்க விடாதீர்கள்.

கை இன்னும் முழுதாக மடங்காது. அது நிற்குமிடத்துக்குக் கழுத்தைக் கொஞ்சம் வளைத்துக் கொள்கிறேன். பந்தியில் எல்லோரும் முடித்த பிறகும் நான் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். பக்கத்து இலைக்காரர்கள் காத்திருப்பார்கள். முன்பானால் பாதியில் எழுந்திருப்பேன். இப்போது மோர் கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.