அண்ணனின் முறை

எண்பதுகளின் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் வருடக்கணக்கில் விளையாடி வந்த ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டின் புதுப் பதிப்பைச் சிங்கப்பூரின் தோ பாயோவில் ஒரு நண்பர் வீட்டில் பார்த்தேன். பார்த்ததும் வெறுத்துப்போயிற்று. நண்பரின் அம்மா தட்டில் வைத்துக் கொடுத்த வடையைத் தொடாமல் எழுந்து வந்தேன். நான் வடையை விடுகிற ஆள் இல்லை என்பது எங்கள் பங்குக் கோயிலில் எல்லாருக்கும் தெரியும்.

முதலில் பழைய விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். கறுப்புத் திரை, பச்சை எழுத்து. இருட்டுச் சுரங்கம் என்று அது சொல்லும், நம் கண்ணுக்குத் தெரிவது நாலு கோடுதான். அதற்குள் இறங்கும் கூட்டத்தில் எனக்கு ஒரு மந்திரக்காரி, என் அண்ணனுக்கு ஒரு வாள்வீரன், அதே தோ பாயோ நண்பருக்கு ஒரு திருடன். எதிரே பூதம் வந்தால் எல்லாம் அப்படியே நின்றுவிடும். வெட்டுவதா, தடுப்பதா, மருந்து குடிப்பதா என்று ஒவ்வொருவரும் முறைவைத்துத் தன் ஆளுக்குச் சொல்ல வேண்டும். மூன்று பேரும் சொன்ன பிறகுதான் சண்டை ஒரு படி நகரும். அதுவரை பூதமும் மரியாதையாகக் காத்துக்கொண்டு நிற்கும்.

அண்ணனுக்குத் திக்குவாய். காத்துக்கொண்டு நிற்கும் மரியாதை அந்தப் பூதத்தைத் தவிர வேறு யாரிடமும் அவனுக்குக் கிடைத்ததில்லை.

அக்டோபர் மாதம் எங்கள் பங்கு ஆட்கள் வீடு வீடாகப் போய் செபமாலை சொல்லுவோம். ஆளுக்குப் பத்து மணிகளை உருட்டி, செபத்தின் முன்பாதியைச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் பின்பாதியைச் சொல்வார்கள். அண்ணன் முறை வந்தால் முதல் வார்த்தையிலேயே நாக்கு ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் பொறுப்பார்கள். பிறகு யாராவது ஒரு ஆன்ட்டி மிகுந்த பாசத்தோடு அந்த வார்த்தையை எடுத்துக் கொடுப்பார். உடனே வீடு முழுக்கச் சேர்ந்துகொண்டு மடமடவென்று அவன் பங்கையும் சொல்லி முடித்துவிடும். எல்லாருக்கும் மனப்பாடமான செபம்தானே, யார் வாயிலிருந்து வந்தால் என்ன என்று அவர்களுக்கு நினைப்பு. அண்ணன் மணியை உருட்டிக்கொண்டு தலை குனிந்திருப்பான். அந்தப் பாசத்தைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

விளையாட்டில் அந்தப் பாசம் செல்லாது. அண்ணன் மனதில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாதே, எடுத்துக் கொடுப்பது எப்படி? செபமாலை மாதிரியே முறைவைத்து வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்ற சட்டத்தைக் கொண்டு வந்தவரும் நண்பர்தான். அவர் யாழ்ப்பாணத்துக் குடும்பம், வங்கி குமாஸ்தா, சட்டம் என்றால் சட்டம். நாங்கள் வாயால் சொல்லாமல் அவர் எந்த விசையையும் தொடமாட்டார். ஒருமுறை என் மந்திரக்காரி சாகக் கிடந்தாள். ஓடிவிடலாம் என்று நாங்கள் இருவரும் சொல்லிவிட்டோம். அண்ணன் "த... த..." என்று இழுத்தான். கீழே ஐஸ்கிரீம்காரர் மணியடித்துக்கொண்டு வந்து, விற்று, போயும் விட்டார். "தடு" என்றான் கடைசியில். அவன் கேடயத்தில்தான் பூதத்தின் அடி விழுந்தது, என் ஆள் பிழைத்தாள். வீடு திரும்பும் பஸ்ஸில் புக்கிட் மேரா வரைக்கும் அதையே பேசிக்கொண்டு வந்தான், திக்கித் திக்கி, சந்தோஷமாக.

அந்த விளையாட்டைத்தான் யாரோ மெருகேற்றுகிறேன் பேர்வழி என்று புதிதாகச் செய்திருந்தார்கள். நண்பர் அதற்காகவே புது கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். முதலில் கண்ணைக் குத்துகிற நிறங்கள். அப்புறம் ஓயாத ஒரு இசை, தகர டப்பாவுக்குள் ஈ மாட்டிக்கொண்ட மாதிரி. என் மந்திரக்காரிக்கு இவ்வளவு காலம் பெயர் மட்டும்தான் இருந்தது, முகத்தை நான் வைத்திருந்தேன். இப்போது படம் போட்டிருந்தார்கள். பாதி உடுத்தும்போதே கதவு தட்டப்பட்டதால் அப்படியே ஓடி வந்தவள் மாதிரி நின்றாள். இந்தக் கோலத்தில் இவள் சுரங்கத்துக்குள் இறங்கினால் சளி பிடிக்குமே என்றுதான் எனக்குத் தோன்றியது.

அதையெல்லாம்கூட விட்டுவிடுவேன். பூதம் வந்தது, சண்டை நிற்கவில்லை. நண்பர் கம்ப்யூட்டரில் மாட்டிய ஒரு குச்சியைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தார், அவருடைய திருடன் குதித்தான். எங்கள் இருவருடைய ஆட்களையும் இயந்திரமே ஆட்டிவைத்தது.

"மச்சான், இனிமே நீ வாயத் தொறக்கவே வேணாம் லா," என்றார் நண்பர் அண்ணனிடம், குதூகலமாக. "உன் ஆள கம்ப்யூட்டரே பாத்துக்கும். உனக்கு ஈஸி."

நல்ல மனிதர். நல்ல மனதோடுதான் சொன்னார். அதுதான் இன்னும் அருவருப்பாக இருந்தது.

அண்ணன் முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். பூதம் தலைகாட்டும் ஒவ்வொரு தடவையும் பழக்கதோஷத்தில் அவன் வாய் திறந்தது. முதல் எழுத்து வெளியே வருவதற்குள் அவன் வீரன் வெட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டான். அசட்டுத்தனமான வெட்டு. அண்ணன் ஒருநாளும் அப்படி வெட்டியிருக்க மாட்டான்.

"எப்டி மச்சான், சூப்பரா இல்ல?"

அண்ணன் பதில் சொல்லத் தொடங்கினான். கழுத்து நரம்பு புடைத்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். முழுதாகச் சொல்லி முடித்தான்.

"எ... என்... என் டர்ன் எ... எப்ப வரும்?"

"இதுல டர்னே கெடையாது லா," என்றார் நண்பர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அண்ணன் தலையாட்டினான். எழுந்துபோய் வாசலில் செருப்பை மாட்டினான். நானும் பின்னால் போனேன்.

அடுத்த ஞாயிறு மதியம் விளையாடக் கூப்பிட நண்பர் போன் செய்தார். போன் அடித்தால் அறைக்குள் போய்விடுகிற என் அண்ணன், எனக்கு முன்னால் நடந்துபோய் அதை எடுத்தான். நான் பக்கத்தில் நின்றேன்.

"நான் வரல," என்றான், கொஞ்சமும் திக்காமல்.